பல்பின் மேல் போட்ட பழி

இரவில் வண்டியின் முகப்பு விளக்கு மங்கலாகத் தெரிந்தால் எவருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம் ஒன்றுதான்: இன்னும் பெரிய பல்பு போடலாம். கடைக்காரரும் அதையே சொல்வார். 60 வாட் இருந்த இடத்தில் 100 வாட் ஏறும்; அல்லது நீலம் கலந்த வெள்ளையில் கண்ணைப் பறிக்கும் எல்.இ.டி. ஒன்று ஏறும். கார் விளக்கின் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், இந்த வைத்தியம் நோயைத் தவறான இடத்தில் தேடுகிறது என்பது புலப்படும். தொழிற்சாலையிலிருந்து வந்த விளக்கு சோடை போனதற்குக் காரணமான குற்றவாளிகள் பெரும்பாலும் மூவர். பல்புக்குப் போய்ச் சேராத கரண்ட் ஒருவர். வெளிச்சத்தைச் சரியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்காத ரிஃப்ளெக்டரும் கண்ணாடியும் இன்னொருவர். விளக்கு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டு அதைத் திரும்பிப் பார்க்க மறந்துபோன சட்டம் மூன்றாமவர். இந்த மூவரையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்காவைத்தான் பார்க்க வேண்டும். கார் அதிகமாகப் பெருகிய நாடு அது. கார் விளக்கின் வடிவத்தை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சட்டத்தால் கட்டிப்போட்ட நாடும் அதுவே.

முதல் குற்றவாளியை ஃபோர்டின் மாடல் டி காரிலேயே கையும் களவுமாகப் பிடிக்கலாம். 1908-இல் வந்த அந்தக் காரின் முகப்பு விளக்கில் தொடக்க ஆண்டுகளில் எரிந்தது அசெட்டிலின் வாயு. மாம்பழத்தைத் திருட்டுத்தனமாகப் பழுக்க வைக்கப் பயன்படுகிறதே, அதே கார்பைடு கல்லின் மேல் தண்ணீர் சொட்டினால் கிளம்பும் வாயு. 1915-இல் ஃபோர்டு அதைத் தூக்கிவிட்டு மின்விளக்கு வைத்தது. ஆனால் காரில் பேட்டரி இல்லை. எஞ்சினின் ஃப்ளைவீலோடு சுழலும் மேக்னெட்டோவிலிருந்து நேராக விளக்குக்குக் கரண்ட் போனது. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் விளக்கு பளிச்சென்று எரியும். மெதுவாகச் சுற்றினால் அணையப் போகும் அகல் மாதிரி சுருங்கும். குண்டும் குழியுமான பாதையில், எங்கே வெளிச்சம் மிகவும் தேவையோ அங்கே, வண்டியை மெதுவாக ஓட்டியாக வேண்டும்; அங்கேதான் விளக்கு கைவிடும். கீழ் கியருக்கு இறக்கி எஞ்சினை உறுமவிட்டு வெளிச்சம் வாங்குவது அன்றைய ஓட்டுநர்களின் தந்திரம். அளவுக்கு மீறி உறுமினால் பல்பின் இழை கருகும். இரண்டு பல்புகளும் ஒரே தொடரில் கோக்கப்பட்டிருந்ததால் ஒன்று போனால் இரண்டுமே இருட்டு. ஆக்சிலேட்டரை முறுக்கினால்தான் ஹெட்லைட் தெளிகிற பழைய மோட்டார்சைக்கிள்களை ஓட்டிய தமிழ் வாசகருக்கு இந்தச் சங்கடத்தை விளக்க வேண்டியதில்லை. 1919-இல் மாடல் டி-க்கு பேட்டரியும் ஸ்டார்ட்டரும் வரத் தொடங்கிய பிறகுதான் விளக்கு எஞ்சினின் சுழற்சியிலிருந்து விடுபட்டது. இங்கே திருத்தப்பட்டது பல்பு அல்ல, அதற்குக் கரண்ட் வந்த வழி என்பதைக் கவனிக்க வேண்டும்.

கரண்ட் சீரானதும் அடுத்த வழக்கு வந்து நின்றது: எதிரே வருபவரின் கண் கூசுகிறது. சாலையைக் காட்டும் வெளிச்சமும் கண்ணைக் குருடாக்கும் வெளிச்சமும் வேறு வேறு பொருள்கள் அல்ல. ஒரே வெளிச்சம் எந்தக் கோணத்தில் போகிறது என்பதில்தான் வித்தியாசம். அந்தக் கோணம் எவ்வளவு நுட்பமானது என்பதைச் சின்னக் கணக்கு ஒன்று காட்டும். தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் விளக்கிலிருந்து ஒரு கதிர் அரை டிகிரி மேல்நோக்கிப் போனால், 50 மீட்டர் தாண்டும்போது 44 சென்டிமீட்டர் ஏறி 109 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். எதிர்க் காரின் ஓட்டுநருடைய கண் ஏறக்குறைய அந்த மட்டத்தில்தான் இருக்கிறது. அதே கதிரை ஒரு டிகிரி கீழே இறக்கினால் அது கண்ணை விட்டு விலகும்; கூடவே தூரத்துச் சாலையையும் கைவிடும். ஆகவே ஒரு விளக்கு நல்லதா மோசமா என்பது ஒற்றை டிகிரிக்குள் தீர்மானமாகிவிடுகிறது. 1920-களில் அமெரிக்க மாநிலங்கள் ஒவ்வொன்றும் கூச்சத்தைத் தடுக்கத் தனித்தனி விதி போட்டன. ஒரு மாநிலம் ஏற்ற கண்ணாடியை இன்னொரு மாநிலம் ஏற்கவில்லை. ஐரோப்பாவில் ஆஸ்ராம் நிறுவனம் 1920-களின் நடுவில் பைலக்ஸ் என்ற பெயரில் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகளை வைத்தது. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. டிம் இழைக்குக் கீழே ஒரு சிறு உலோகக் கிண்ணம் நின்று, ரிஃப்ளெக்டரின் கீழ்ப் பாதிக்கு வெளிச்சம் போகாமல் மறைத்தது. மேல்நோக்கிச் செல்லும் கதிர் அங்கேயே வெட்டப்பட்டது. ஐரோப்பிய விளக்குக்கும் அமெரிக்க விளக்குக்கும் பாதை பிரிந்த இடங்களுள் இது ஒன்று.

அமெரிக்கா எடுத்த வழி சீல்டு பீம். 1940 மாடல் கார்களிலிருந்து அது நாடு முழுவதற்கும் பொதுவானது. இன்று அதைக் குறை சொல்வது எளிது. ஆனால் அது வந்த நேரத்தில் அது ஒரு பெரிய நன்மை என்பதை மறுக்க முடியாது. அதற்கு முந்தைய விளக்குகளில் ரிஃப்ளெக்டர் வெள்ளி முலாம் பூசிய உலோகம். மழையும் தூசியும் உள்ளே போகும். வெள்ளிக் குத்துவிளக்கு கறுப்பதைப் போல அதுவும் கறுக்கும். பல்பை மாற்றும்போது இழை நிற்க வேண்டிய புள்ளி சற்று விலகினாலே வெளிச்சம் கலைந்துவிடும். சீல்டு பீமில் ரிஃப்ளெக்டரே கண்ணாடி. அதன் உட்புறம் அலுமினிய ஆவியால் பூசப்பட்டது. முன்பக்கக் கண்ணாடி அதனோடு ஒட்டி மூடப்பட்டது. இழை தொழிற்சாலையிலேயே அதன் இடத்தில் பொருத்தப்பட்டுவிடும். தூசிக்கு வழியில்லை, கறுக்க வாய்ப்பில்லை. இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன்கூட அவ்வளவு பெரிய பரப்பில் பரவிப் படிவதால் மங்கல் தெரியாது. எரிந்துபோனால் மொத்த உருப்படியையும் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்ட வேண்டியதுதான். 7 அங்குல வட்டம், எல்லாக் காருக்கும் ஒரே அளவு. எந்தச் சிற்றூரில் விளக்கு போனாலும் அங்கேயுள்ள கடையில் மாற்று கிடைக்கும். மாநிலத்துக்கு மாநிலம் இருந்த குழப்பம் ஒரே அடியில் தீர்ந்தது.

தீர்ந்த இடத்திலேயே புதிய நோயும் தொடங்கியது. ஒரு விளக்கு சாலையில் எவ்வளவு தூரம் காட்ட வேண்டும், எதிரே எவ்வளவு கூச்சத்தை அனுமதிக்கலாம் என்ற பலனை மட்டும் எழுதி வைத்திருந்தால், அந்தப் பலனைத் தருகிற எந்தப் புதுமையும் உள்ளே வந்திருக்கும். எழுதப்பட்டதோ உருவம்: இத்தனை அங்குலம், இத்தனை விளக்கு, இப்படி மூடப்பட்ட கண்ணாடி. 1957-58 வாக்கில் 5¾ அங்குல விளக்குகள் நான்கு வைக்க இடம் கிடைத்தது. 1970-களின் நடுவில் செவ்வக விளக்குகள் வந்தன. பின்னது காரின் முகத்தை அழகாக்கத்தான் அதிகம் உதவியது. 1968 முதல் மத்திய அரசின் 108-ஆம் எண் பாதுகாப்பு விதி இந்த ஏற்பாட்டுக்கு நாடு தழுவிய முத்திரை குத்தியது. பிரைட் வெளிச்சத்துக்கு ஒரு வாகனத்துக்கு 75,000 கேண்டலா என்ற உச்சவரம்பு 1978 வரை நீடித்து, அப்போதுதான் 150,000 ஆனது. ஐரோப்பா அனுமதித்த அளவு அதைவிடவும் அதிகம். இதற்கிடையில் சாலை மாறிவிட்டது. 1956-இல் சட்டமான மாநிலங்களுக்கிடை நெடுஞ்சாலைத் திட்டம் காரை இரவிலும் அதிவேகத்தில் ஓடவிட்டது. 1962-இல் ஐரோப்பாவில் எச்1 என்ற முதல் ஹாலஜன் கார் பல்பும், 1971-இல் டிம்மும் பிரைட்டும் ஒன்றாய் இருக்கும் எச்4 பல்பும் வந்தன. ஹாலஜன் வாயு, ஆவியான டங்ஸ்டனைக் கண்ணாடியில் படியவிடாமல் இழைக்கே திருப்பிக் கொடுக்கும். அதனால் இழையை அதிக வெப்பத்தில், அதிக வெளிச்சத்தில் எரிய வைக்க முடிந்தது. அமெரிக்கக் கார்களுக்கு அது சீல்டு பீம் வடிவில் வந்து சேர 1979 ஆயிற்று.

அந்த இடைக்காலத்தில் அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கிய ஐரோப்பியக் கார்களின் கதி இந்த வாதத்துக்கு நேரடிச் சாட்சி. சிட்ரோயன் டி.எஸ். காரில் 1967 முதல் ஸ்டியரிங்கைத் திருப்பும் பக்கம் விளக்கும் திரும்பும். வளைவுக்குள் என்ன இருக்கிறது என்பதை முன்கூட்டியே காட்டும். அமெரிக்காவுக்குப் போன டி.எஸ்.-இல் அந்த வசதி இல்லை. விதி இடம் தரவில்லை. ஜாகுவார் ஈ-டைப் விளக்குகளின் மேல் இருந்த கண்ணாடி மூடியும் 1968-க்கான விதியோடு கழன்றது. இந்தக் கார்களைச் செய்தவர்களுக்கு நல்ல விளக்கு செய்யத் தெரியாமலில்லை; தெரிந்ததைக் கழற்றிவிட்டுத் தெரிந்தே தாழ்ந்ததை மாட்டி அனுப்ப வேண்டியிருந்தது. சட்டத்தால் வெளிச்சம் குறைந்தது அமெரிக்காவில் மட்டும் நடந்ததில்லை. பிரான்சு 1930-களின் நடுவில் கார்களுக்கு மஞ்சள் விளக்கைக் கட்டாயமாக்கியது. கூச்சம் குறையும் என்பது அதற்குச் சொன்ன காரணம். மஞ்சள் வடிகட்டி வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கும் என்பது உறுதி. கூச்சம் எவ்வளவு குறைந்தது என்பது கடைசி வரை விவாதமாகவே இருந்தது. அந்தக் கட்டாயம் நீங்கியது 1993-இல். விளக்கைப் பற்றி எழுதப்பட்ட விதிக்கு விளக்கைவிட ஆயுள் அதிகம்.

விதி அசையாதபோது மக்கள் அசைந்தார்கள். 1970-களில் அமெரிக்கக் கார்ப் பிரியர்கள் சிபியே, மார்ஷல், ஹெல்லா, பாஷ் போன்ற ஐரோப்பிய நிறுவனங்களின் எச்4 விளக்குகளை வாங்கித் தங்கள் கார்களில் மாட்டினார்கள். பொதுச் சாலைக்கு அவை சட்டப்படி செல்லாதவை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 7 அங்குல வட்டம் என்று எல்லாருக்கும் ஒரே அளவை வகுத்த அதே விதிதான் இந்த மீறலை எளிதாக்கியது. ஐரோப்பிய விளக்கும் அதே வட்டத்துக்குள் பிசகாமல் உட்கார்ந்தது. பூட்டைச் செய்தவரே சாவியையும் செய்து கொடுத்த மாதிரி. ஆனால் மாட்டிப் பார்த்த பலருக்கு ஏமாற்றம் காத்திருந்தது. ஐரோப்பாவில் புகழப்பட்ட விளக்கு இவர்கள் காரில் எதிர்பார்த்த அளவு எரியவில்லை. ரிஃப்ளெக்டர் சரி, பல்பு சரி. அப்படியானால் மிச்சம் இருப்பது ஒயர்.

காரின் வெளிச்சத்தில் பாதிக் கதை ஒயரில்தான் இருக்கிறது. பழைய ஏற்பாட்டில் விளக்கின் முழுக் கரண்டும் பேட்டரியிலிருந்து டாஷ்போர்டு வரை வந்து, லைட் சுவிட்சின் தொடுமுனைகளைத் தாண்டி, டிம்-பிரைட் சுவிட்சைத் தாண்டி, மறுபடியும் முன்பக்கம் போய்ப் பல்பில் நுழைந்து, துருப்பிடித்த பாடியின் எர்த் வழியாகத் திரும்ப வேண்டும். 60 வாட் பல்பு இரண்டுக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓடும். வழி நெடுகச் சேரும் தடை வெறும் 0.12 ஓம் என்றாலே 1.2 வோல்ட் வழியில் காணாமல் போகும். போனது பத்தில் ஒரு பங்குதானே என்று விட முடியாது. இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜின் ஏறக்குறைய 3.4-ஆவது அடுக்கில் மாறுகிறது. 13.2 வோல்ட்டில் 1,000 லூமன் தரும்படி வகுக்கப்பட்ட எச்4 டிம் இழை, 12 வோல்ட் கிடைத்தால் சுமார் 720 லூமன்தான் தரும், 11.5 வோல்ட் என்றால் 630-ஐ ஒட்டி. அதாவது வாங்கிய வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒயர் தின்றுவிடுகிறது. 6 வோல்ட் கார்களின் நிலை இன்னும் மோசம். அதே வாட்டுக்கு இரு மடங்கு கரண்ட், எனவே இரு மடங்கு இழப்பு, அதுவும் பாதி வோல்ட்டேஜிலிருந்து. அமெரிக்காவில் விற்ற ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 1967 மாடலில்தான் 12 வோல்ட்டுக்கு வந்தது. இந்த நோய்க்குக் கண்ட மருந்து ரிலே. பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் ஃபியூஸ் வழியாக ரிலேக்கு, அங்கிருந்து நேரே பல்புக்கு. பழைய சுவிட்சுக்கு ரிலேயைத் தட்டி எழுப்புகிற சின்ன வேலை மட்டும். எர்த்தும் தனி ஒயரில். பல்பைத் தொடாமலே வெளிச்சம் கூடியது.

இவ்வளவு எளிதான காரியத்தைத் தொழிற்சாலையே செய்திருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. கணக்கைப் பார்த்தால் செய்யாததன் காரணம் விளங்கும். ஒரு காருக்குச் சில அடி தடித்த செம்பு ஒயரும் இரண்டு ரிலேயும் அற்பச் செலவு. லட்சக்கணக்கான கார்களுக்கு அது பெரிய தொகை. அதோடு இன்னொரு கணக்கும் உண்டு. வோல்ட்டேஜ் 5 சதவீதம் கூடினால் பல்பின் வெளிச்சம் ஏறத்தாழ 18 சதவீதம் கூடும், ஆயுளோ கிட்டத்தட்டப் பாதியாகும். குறைந்த வோல்ட்டேஜில் மங்கி எரியும் பல்பு நெடுநாள் உழைக்கும். கருகிய பல்போடு வாடிக்கையாளர் ஷோரூமுக்கு வந்து நிற்பார். மங்கிய பல்போடு வர மாட்டார், ஏனென்றால் அவருக்கு அது மங்கல் என்பதே தெரியாது. இருட்டில் எதைப் பார்க்கத் தவறினோம் என்பது எவருக்கும் தெரிவதில்லை. புகார் வராத குறையை எந்தத் தொழிலும் தானாக முன்வந்து திருத்தியதில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வாட்டைக் கூட்டினால் என்ன என்று கேட்பவர்களுக்கும் இதே கணக்குதான் பதில். 100 வாட் பல்பு இரண்டு போட்டால் கரண்ட் 10 ஆம்பியரிலிருந்து 16.7 ஆம்பியராக ஏறும். அதே மெல்லிய ஒயரில் இழப்பும் அந்த விகிதத்தில் ஏறி 2 வோல்ட்டை நெருங்கும். வாங்கிய வாட்டில் கணிசமானது ஒயரையும் சுவிட்சையும் சூடாக்கத்தான் போகும். ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டரின் பூச்சு உரியும். ரிலே போட்டு அதைச் சமாளித்தாலும், டிம்மில் எதிரே போகும் கூச்சமும் வெளிச்சத்தின் அதே விகிதத்தில் கூடுகிறது. காரின் மூக்கடியில் விழும் வெளிச்சமும் கூடுகிறது. அது ஓட்டுநருக்குத் தெம்பாகத் தோன்றும், ஆனால் பக்கத்துப் பளபளப்புக்குப் பழகிய கண் தூரத்து இருட்டைப் பார்க்கும் திறனை இழக்கும். 1991-இல் பி.எம்.டபிள்யூ. தன் 7 வரிசைக் காரில் கொண்டுவந்த செனான் விளக்கும், பிறகு வந்த எல்.இ.டி.-யும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றன. தொழிற்சாலை அந்த விளக்குகளை அவற்றுக்கென்றே வடித்த கண்ணாடியோடும் ரிஃப்ளெக்டரோடும் வைத்தது. கடையில் விற்கும் செனான், எல்.இ.டி. கிட் அப்படியல்ல. எச்4 இழை நிற்கிற புள்ளிக்காக வடித்த ரிஃப்ளெக்டருக்குள், வேறு வடிவமும் வேறு நீளமும் கொண்ட ஒளிமூலம் நுழைகிறது. லூமன் எகிறும், கதிர்கள் வழி தவறி மரக்கிளைக்கும் எதிரே வருபவரின் கண்ணுக்கும் போகும். இரவில் நம்மைச் சபிக்க வைக்கும் விளக்குகளில் பல இந்த ரகம்.

அமெரிக்கப் பூட்டு திறந்தது 1983-இல். ஃபோர்டு நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில், பல்பை மட்டும் தனியே மாற்றக்கூடிய, காரின் முகத்துக்கேற்ப வடிவமைத்த விளக்கை அரசு அனுமதித்தது. 1984 மாடல் லிங்கன் மார்க் VII அதனோடு முதலில் வந்தது. கண்ணாடிக்குப் பதில் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதோடு சீல்டு பீமுக்கு இல்லாத புதிய குறை ஒன்றும் வந்து சேர்ந்தது: வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு அந்தப் பிளாஸ்டிக் மஞ்சளாகிப் பனி மூடியது போல ஆகிறது. அமெரிக்க மோட்டார்காரர் சங்கமான ஏ.ஏ.ஏ. 2018-இல் சோதித்தபோது, அப்படிக் கெட்டுப்போன விளக்கு புதியதன் வெளிச்சத்தில் 20 சதவீதத்தைத்தான் தந்தது. உள்ளே எத்தனை வாட் பல்பு மாட்டினாலும் ஐந்தில் நான்கு பங்கு அந்த மஞ்சள் திரையிலேயே சிதறிப்போகும். மெருகேற்றும் பசையும் புற ஊதாத் தடுப்புப் பூச்சும் செய்கிற வேலையை அங்கே எந்தப் பல்பாலும் செய்ய முடியாது.

பல்பை மாற்றாமலே தொழிற்சாலை விளக்கு எவ்வளவு மேம்பட முடியும் என்பதற்கு மிக வலுவான சான்று அண்மைக் காலத்தில் கிடைத்தது. காப்பீட்டு நிறுவனங்களின் ஆதரவில் இயங்கும் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கழகமான ஐ.ஐ.எச்.எஸ். 2016-இல் முதன்முறையாகக் கார் விளக்குகளை இருட்டுச் சாலையில் ஓட்டி அளந்து தரம் பிரித்தது. 31 நடுத்தரக் கார்களில் ‘நன்று’ என்ற தரம் பெற்றது ஒன்றே ஒன்று, டொயோட்டா ப்ரியஸ் வி. அடுத்துச் சோதித்த 21 சிறிய எஸ்.யூ.வி.-க்களில் ஒன்றுகூட அந்தத் தரத்தைப் பெறவில்லை. இவை அனைத்தும் சட்டத்தின் சோதனையில் தேறிய விளக்குகள்தான். சட்டம் விளக்கைச் சோதனைக்கூட மேசையில் வைத்து அளந்ததே தவிர, காரில் மாட்டிய பிறகு அது எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் சாலையைப் பார்க்கிறது என்று அளக்கவில்லை. விலையுயர்ந்த காரின் நவீன விளக்கும் கோணம் தவறியதால் மதிப்பெண் இழந்தது. தர வரிசை வெளிவந்த பின் நிறுவனங்கள் விளக்கைத் திருத்தத் தொடங்கின. திருத்தங்களில் ஒரு பகுதி தொழிற்சாலையிலேயே கோணத்தை ஒழுங்காக வைப்பதுதான். அதே கழகம் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ‘நன்று’ தரம் பெற்ற விளக்குள்ள வாகனங்களுக்கு, ‘மோசம்’ தரத்தவற்றோடு ஒப்பிட்டால், இரவில் வேறு வண்டியோடு மோதாமல் தனியே நேரும் விபத்துகள் 19 சதவீதமும் பாதசாரிகள் மேல் மோதும் விபத்துகள் 23 சதவீதமும் குறைவு. அளக்கத் தொடங்கியதும் புகார் பிறந்தது; புகார் பிறந்ததும் திருத்தம் பிறந்தது.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். ஒன்று, தரவிதியே வேண்டாம் என்று சொல்வதா? 1920-களின் குழப்பத்துக்குத் திரும்புவதா? இல்லை. விதி வேண்டும், அது விளக்கின் உருவத்தை எழுதாமல் பலனை எழுத வேண்டும். இந்தப் பாடத்தை அமெரிக்கா இரண்டாம் முறையும் தாமதமாகவே கற்றது. எதிர் வண்டி இருக்கும் இடத்தை மட்டும் நிழலாக்கிவிட்டு மற்ற இடமெல்லாம் பிரைட்டாகவே காட்டும் விளக்கை ஆடி 2013-இல் ஐரோப்பாவில் எல்.இ.டி. வரிசையால் செய்து விற்றது, டொயோட்டா அதே ஆண்டு அமெரிக்க அரசிடம் இதற்கு அனுமதி கேட்டது, கிடைத்தது 2022-இல். டிம், பிரைட் என்று இரண்டே நிலைதான் உண்டு என்று எழுதப்பட்ட விதிக்குள் மூன்றாவது நிலை நுழைய ஒன்பது ஆண்டு பிடித்தது. இரண்டாவது மறுப்பு: இன்றைய குறை விளக்கு மங்கல் என்பதல்ல, அளவுக்கு மீறிய பளபளப்பு என்பதே. உண்மைதான், ஆனால் அது மறுப்பாகாது. உயரமான வண்டி, கோணம் தவறிய விளக்கு, ரிஃப்ளெக்டருக்குப் பொருந்தாத கிட் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அந்தப் பளபளப்பு. வெளிச்சம் போக வேண்டிய இடத்துக்குப் போகாததும், போகக் கூடாத இடத்துக்குப் போனதும் ஒரே பிசகின் இரண்டு முகங்கள்.

தமிழ்நாட்டுக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. 1940-இல் அமெரிக்கா வகுத்த 7 அங்குல வட்டம் அம்பாசிடரிலும் ஜீப்பிலும் புல்லட்டிலும் நம் சாலைகளுக்கு வந்தது. லூகாஸ் டி.வி.எஸ். 1961-இல் சென்னையில் உருவானபோது, விளக்கும் டைனமோவும் ஸ்டார்ட்டரும் செய்த பிரிட்டன் நிறுவனமொன்று இங்கே கால் ஊன்றியது. ஆட்டோ எலக்ட்ரிகல் கடைகளில் இன்றும் 60/55 வாட் எச்4 பல்பும் ரிலே செட்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. நமக்கென்று ஒரு வைத்தியமும் இருந்தது: கூச்சத்தைத் தடுக்க விளக்கின் மேல்பாதிக்குக் கறுப்புப் பெயின்ட் அடிப்பது, நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது. சோதனைச் சாவடியில் போலீசாரே வண்டியை நிறுத்தி ஒட்டிய காலமும் உண்டு. நோக்கம் நல்லது. ஆனால் ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் கதிர்கள் சாலையின் பல பகுதிக்கும் பரவுவதால், கண்ணாடியில் ஒரு பகுதியை மறைத்தால் கூச்சம் மட்டும் தனியே வெட்டுப்படாது. ஓட்டுநரின் பார்வையும் சேர்ந்தே குறையும். ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு திருகு திருகிக் கோணத்தை இறக்க வேண்டிய இடத்தில் கறுப்பு ஸ்டிக்கர் வேலை செய்ததாகக் கற்பனை செய்துகொண்டோம்.

மாடல் டி முதல் இன்று வரை விளக்கை உண்மையில் திருத்தியவர்கள் நடந்த பாதையை வரிசைப்படுத்தினால் ஒரு நடைமுறை கிடைக்கும். முதலில் கண்ணாடியை அல்லது பிளாஸ்டிக்கைச் சுத்தம் செய்ய வேண்டும். அடுத்து, எஞ்சின் ஓடும்போது, விளக்கு எரியும்போது, பேட்டரி முனையிலும் பல்பு முனையிலும் மல்டிமீட்டர் வைத்து வோல்ட்டேஜை அளக்க வேண்டும். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தையும் ஒயரையும் பார்த்து ரிலே போட வேண்டும். பிறகு சமதரையில் வண்டியை நிறுத்திச் சுவரில் கோடு போட்டுக் கோணத்தைச் சரிசெய்ய வேண்டும். கறுத்த ரிஃப்ளெக்டர் என்றால் விளக்கையே மாற்ற வேண்டும். இத்தனைக்கும் பிறகு வெளிச்சம் போதவில்லை என்றால், அதே வாட்டில் நல்ல நிறுவனத்தின் புதிய பல்பு. அது பட்டியலில் கடைசி.